வேலியோரத்து அலரி

வளவும் நலமும் – தொடர் பகுதி



சென்ற இதழில் கறிவேப்பிலை பற்றி எழுதிய பிறகு எங்களுக்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே ஒரு செடியைப் பற்றியவை. "வாடகைக்கு வந்த வீட்டில் வேலி முழுக்க அலரி நிற்கிறது. தவழுகிற பிள்ளை இருக்கிறது. விடலாமா, வெட்டச் சொல்லிக் கேட்கலாமா?" என்று ஒரு தாய் கேட்டிருந்தார். "தண்ணீர் ஊற்றாமலே இப்படிப் பூக்கிறதே, ஒரு தடி கிடைக்குமா?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஒரு வீட்டில் பயம், அடுத்த வீட்டில் ஆசை. இரண்டுக்கும் காரணம் உண்டு. அதனால் இம்முறை அலரியை வளர்ப்பது எப்படி, எங்கே அதை நடவே கூடாது, ஒரு பிள்ளை அதைக் கடித்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று மூன்றையும் சேர்த்தே எழுதுகிறோம்.

எந்த அலரி?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அலரி என்போம். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் அரளி என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். ஆனால் இந்தப் பெயருக்குள் இரண்டு வெவ்வேறு செடிகள் இருக்கின்றன.

ஒன்று, சிட்னித் தெருக்களில் நாம் பார்ப்பது. ஆங்கிலத்தில் ஒலியாண்டர் என்கிறார்கள். தாவரப் பெயர் நீரியம் ஒலியாண்டர். இளஞ்சிவப்பு, சிவப்பு, வெள்ளை, அப்ரிகொட் நிறங்களில் கொத்தாகப் பூக்கும். இலை நீளமாகவும் ஒடுக்கமாகவும், தோல்போல் தடிப்பாகவும் இருக்கும். ஒரு கணுவில் பெரும்பாலும் மூன்று இலைகள் சுற்றி நிற்கும். இதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். காய் மெல்லிய நீள நெற்றாக இருக்கும். காய்ந்து வெடித்தால் பஞ்சு வைத்த விதைகள் பறக்கும்.

மற்றது மஞ்சள் அலரி. பூ மஞ்சள், மணி வடிவம். காய் உருண்டையாகப் பச்சையாக இருக்கும். ஊர் வேலிகளில் பார்த்திருப்பீர்கள். இங்கே குயின்ஸ்லாந்துப் பக்கத்தில் அதிகம் காணலாம். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள், இரண்டும் நஞ்சு. இந்தக் கட்டுரையில் வளர்ப்பு முறை என்று சொல்வதெல்லாம் முதலாவதைப் பற்றியது. மஞ்சள் அலரியைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்கவே வேண்டாம். அதன் காய் பார்ப்பதற்கு ஒரு சின்னப் பழம்போல இருக்கும். எச்சரிக்கைக்கு அந்தக் காரணம் ஒன்றே போதும்.

ஏன் இவ்வளவு உறுதியான செடி?

அலரியின் குணம் அது பிறந்த இடத்தில் இருந்து வருகிறது. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில் இருந்து தெற்காசியா வரை, ஆற்றுப் படுகைகளில் அது தானாக வளர்கிறது. யோர்தான் நதிக் கரையிலும் கலிலேயாக் கடலோரத்திலும் இன்றைக்கும் புதராக நின்று பூக்கிறது. அந்தப் படுகைகளில் மழைக்காலத்தில் வெள்ளம் அடித்துப் போகும், கோடையில் கல்லும் மணலும் மட்டும் கிடக்கும். வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே வருடத்தில் தாங்கப் பழகிய செடி இது.

அதனால்தான் மேற்குச் சிட்னி வெயில் அதற்குப் பெரிய விஷயமில்லை. 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்ரித்தில் வெப்பம் 48.9 பாகையைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடைகளில் வாடிப்போகிற செடிகளுக்கு நடுவே, வீதியோரத்து அலரிகள் பூத்துக்கொண்டே நிற்பதைப் பார்க்கலாம். குளிர்கால இரவுகளில் விழுகிற இலேசான உறைபனியையும் தாங்கும். உப்புக் காற்று, வாகனப் புகை எதற்கும் அசையாது. இந்தியாவின் நெடுஞ்சாலைகளில் நடுத்திட்டு முழுக்க இதை நட்டிருப்பதும் இதனால்தான்.

இன்னொரு செய்தி. 1945இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில், இனி நெடுங்காலம் எதுவுமே முளைக்காது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணில் முதலில் பூத்த செடிகளில் ஒன்றாக அலரியைத்தான் அந்நகர மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1973இல் ஹிரோஷிமா அதைத் தன் நகரப் பூவாக அறிவித்தது.

நடுவது எப்படி?

இடம்: நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் செடி சாகாது, ஆனால் நெட்டையாக வளர்ந்து இலை மட்டும் காட்டும்.

காலம்: வெயில் தணிந்த மார்ச், ஏப்ரல், மே மாதங்கள் நல்லவை. மண்ணில் இன்னும் சூடு இருக்கும், வேர் பிடிக்கும். தவறினால் செப்டெம்பரில் நடலாம். டிசெம்பர், ஜனவரியில் நட்டால் தினமும் தண்ணீரோடு காவல் நிற்க வேண்டும்.

மண்: அலரிக்கு மண்ணில் வலிய விருப்பு வெறுப்பு இல்லை. ஆனால் பிளாக்டவுன், டூங்காபிப் பக்கத்துக் களிமண்ணில் மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கி நிற்கும். அப்படியானால் மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி, அந்த மேட்டில் நடுங்கள். குழி, சாடியைப்போல் இரண்டு மடங்கு அகலமும் அதே ஆழமும் இருக்கட்டும். சாடியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நிலத்திலும் இருக்க வேண்டும்.

இடைவெளி: உயரமாக வளர்வது மூன்று நான்கு மீற்றர் வரை போகும். வேலியாக வைக்க ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் இடைவெளி விடுங்கள். குட்டை இனங்களும் உண்டு. அவை ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டி நிற்கும், பெரிய சாடியிலும் வளரும்.

தண்ணீர்: முதல் கோடையில் வாரம் ஒரு முறை, வேர் வரை இறங்கும்படி ஆறுதலாக ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதால் பயனில்லை. வேர் ஆழமாகப் போகாது. இரண்டாம் வருடத்தில் இருந்து கடும் வறட்சியில் மட்டும் ஊற்றினால் போதும். சாடியில் இருப்பதற்கு மட்டும் எப்போதும் கவனம் வேண்டும்.

பசளை: வசந்தம் தொடங்கும்போது ஒரு முறை, இரண்டு கைப்பிடி கோழிப்பசளை. அவ்வளவுதான். பாசத்தில் அள்ளிக் கொட்டினால் இலை செழிக்கும், பூ குறையும்.

தடியில் இருந்து புதுக் கன்று எடுப்பது மிகச் சுலபம். கோடை முடிவில், பாதி முற்றிய கிளையில் 15 சென்ரிமீற்றர் அளவுக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். தண்ணீரில் வைத்தாலும் சில வாரங்களில் வேர் விடும். ஆனால் அந்தப் போத்தல் சமையலறை யன்னலில் இருக்கக் கூடாது, குடிக்கிற கோப்பையாகவோ ஜாம் போத்தலாகவோ இருக்கவும் கூடாது. வெளியே, உயரத்தில், மேலே பெயர் எழுதி வையுங்கள். அந்தத் தண்ணீரும் நஞ்சுதான்.

வெட்டும்போது

அலரியைக் கவனிப்பதில் பெரும்பங்கு வெட்டுவதுதான். புதிதாக வருகிற கிளையின் நுனியில்தான் அது பூக்கும். அதனால் ஓகஸ்ட் கடைசியில், புதுத் துளிர் வருவதற்கு முன்பு வெட்டினால் நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை பூ பார்க்கலாம். ஒக்டோபர் கடந்து வெட்டினால் அந்த வருடப் பூவைத்தான் வெட்டுகிறோம்.

முழுச் செடியையும் பந்துபோல் மொட்டையாக்க வேண்டாம். மிகப் பழைய தடிகளில் மூன்றில் ஒன்றை அடியோடு எடுங்கள். மற்றக் கிளைகளின் நுனியை, மூன்று இலை சேர்கிற கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவில் இருந்து இரண்டு மூன்று துளிர்கள் வரும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொத்துப் பூ வரும். நீள நெற்றுகளைக் கண்டால் அவை வெடிக்கும் முன் எடுத்துவிடுங்கள். விதை பறந்து நீரோடைக் கரைகளில் முளைத்தால், அங்கே அது வேண்டாத களையாகிவிடும்.

இப்போது தாதியராகச் சொல்கிறோம். வெட்டும்போது வருகிற சாறு தோலில் பட்டால் சிலருக்குச் சிவந்து அரிக்கும். கண்ணில் பட்டால் எரியும். ஆகவே:

கையுறை, நீளக்கைச் சட்டை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. மூன்றும் வேண்டும்.

வெட்டுகிற நேரம் கையுறையோடு முகத்து வியர்வையைத் துடைக்காதீர்கள், எதையும் வாயில் வைக்காதீர்கள்.

வெட்டியதை நிலத்தில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். நேராகத் தோட்டக் கழிவுத் தொட்டிக்குள் போட்டு மூடுங்கள்.

எரிக்கவே கூடாது. புகையிலும் நஞ்சு இருக்கும். பார்பிக்கியூ அடுப்புக்கு விறகாகவோ, இறைச்சி குத்தும் குச்சியாகவோ பாவிக்கவும் கூடாது.

காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. ஆடு, மாடு, குதிரை, நாய் எதற்கும் எட்டும் இடத்தில் போட வேண்டாம். மரக்கறிப் பாத்திக்கு மூடாக்காகவும் போட வேண்டாம்.

முடிந்ததும் கத்தரியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பை மாற்றி, குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

அலரியில் வாழ்பவை

இளந்துளிரில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் மொய்த்திருந்தால் அது அசுகுணி. இந்த வகை அலரியையும் அதன் உறவுச் செடிகளையும்தான் பெரும்பாலும் நாடும். மருந்து தேட வேண்டாம். ஹோஸ் பைப்பால் பலமாகத் தண்ணீர் அடித்தால் போதும். இலையில் கரி பூசினாற்போல் கறுப்பாக இருந்தால், தடியில் செதிற்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கிளையை வெட்டி எடுத்து, எஞ்சியதற்குத் தோட்ட எண்ணெய் தெளிக்கலாம்.

ஆனால் செம்மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரிகளோடு, முதுகில் கொம்புபோல் நீட்டிய புழுவைக் கண்டால் கொல்லாதீர்கள். சில நாட்களில் அது இலைக்குக் கீழே கூட்டுப்புழுவாகத் தொங்கும். கண்ணாடியைப்போல, வெள்ளியில் செய்ததுபோல மினுங்கும். சின்னவர்களைக் கூட்டிப்போய்த் தூர நின்று காட்டுங்கள். அதிலிருந்து கபில நிறத்தில், ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு வண்ணத்துப்பூச்சி வரும். ஆங்கிலத்தில் கொமன் குரோ என்று பெயர். இதே இனம் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பறக்கிறது. தாத்தா பாட்டி சின்ன வயதில் பார்த்த அதே பூச்சியை நம் பிள்ளைகள் சிட்னியில் பார்க்கலாம்.

அந்தப் புழு தான் உண்கிற செடிகளின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் பறவைகள் அதைத் தவிர்க்கும். புழுவுக்குப் பாதுகாப்பாக இருக்கிற பொருள் மனித இதயத்துக்கு என்ன செய்கிறது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

நஞ்சு என்ன செய்கிறது?

அலரியின் இலை, பூ, தடி, வேர், விதை, சாறு எல்லாவற்றிலும் ஒலியாண்ட்ரின் போன்ற பொருட்கள் இருக்கின்றன. இவை இதயத்தின் தசைக் கலங்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி மாற்றி அனுப்புகிற பம்பியை மறிக்கின்றன. அந்தப் பம்பி சரியாக ஓடினால்தான் இதயம் தாளம் தப்பாமல் அடிக்கும். மறித்தால் துடிப்பு மெதுவாகும், ஒழுங்கு குலையும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்.

இதே வேலையை அளவோடு செய்கிற மருந்து ஒன்று நம் சபைப் பெரியவர்கள் சிலரின் மருந்துப் பெட்டியில் இருக்கிறது. டிஜொக்சின். அது பொக்ஸ்குளோவ் என்ற வேறொரு பூச்செடிக் குடும்பத்தில் இருந்து வந்தது. 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியர் அந்தச் செடியைப் பற்றித் தன் நோயாளிகளின் விபரங்களோடு புத்தகம் எழுதினார். எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவு கொடுத்தால் ஆபத்து என்று கவனமாகக் குறித்து வைத்தார். இன்றைக்கும் வைத்தியசாலையில் டிஜொக்சின் குளிசை கொடுப்பதற்கு முன் தாதியராகிய நாங்கள் ஒரு முழு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுவோம். பெரியவருக்கு 60க்குக் கீழே இருந்தால் குளிசையைக் கொடுக்காமல் வைத்தியருக்கு அறிவிப்போம். மில்லிகிராமின் சிறு பங்காக அளந்து செய்த குளிசைக்கே இத்தனை கவனம். ஒரு இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் கண்ணால் அளக்க முடியாது.

ஆகவே "அலரி இலையை அரைத்துப் பூசு", "வேரை அவித்துக் குடி" என்று வட்சப்பில் வருகிற கைமருந்து எதையும் செய்ய வேண்டாம். கோவிட் காலத்தில், 2020இல், ஒலியாண்ட்ரினை மருந்தாக்கலாம் என்று அமெரிக்காவிலேயே சிலர் முன்வந்தார்கள். அதை உணவுத் துணைப்பொருளாக ஏற்க அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் மறுத்துவிட்டது. டிஜொக்சின் எடுக்கிற பெரியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் வேலை செய்வதால் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

ஊரில் இந்தச் செடியின் பெயரைக் கேட்டாலே பேச்சை நிறுத்திவிடுகிற குடும்பங்கள் உண்டு. அவர்களை நாங்கள் நினைக்காமல் இல்லை. தம்பி, தங்கச்சி, உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ மனம் தாங்க முடியாத பாரமாக இருந்தால் 13 11 14 என்ற எண்ணில் லைஃப்லைன் இரவு பகலாகத் திறந்திருக்கிறது. எங்களில் யாரிடமும் பேசலாம். ஏன், எதற்கு என்று குறுக்குக் கேள்வி கேட்கமாட்டோம்.

பிள்ளை கடித்துவிட்டால்

பல வருடங்களாக அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். இலை மிகவும் கசக்கும். அதனால் பெரும்பாலான சின்னப் பிள்ளைகள் கடித்த உடனே துப்பிவிடுவார்கள், கடும் பாதிப்பு இல்லாமல் வீடு திரும்புவார்கள். ஆனால் எந்தப் பிள்ளை அந்தப் பெரும்பாலானோரில் ஒருவர் என்பதை வீட்டில் இருந்து நாம் தீர்மானிக்கக் கூடாது. ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள். பெரிய பிள்ளையானால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.

2. உடனே 13 11 26 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது நச்சுத் தகவல் நிலையம். அவுஸ்திரேலியா முழுவதும் இதே எண், 24 மணி நேரமும். நியூ சவுத் வேல்ஸ் நிலையம் நமக்குப் பக்கத்தில், வெஸ்ட்மீட் சிறுவர் வைத்தியசாலையில்தான் இருக்கிறது. வருத்தம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

3. பிள்ளை மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ முதலில் 000.

4. செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், அல்லது படம் எடுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. கண்ணில் சாறு பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். தோலில் பட்டால் சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

செய்யக் கூடாதவை: விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், பால் கொடுப்பது. முக்கியமாக இளநீர் வேண்டாம். "நஞ்சு முறியும்" என்று அன்போடு கொடுப்பார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். இந்த நஞ்சு ஏற்கெனவே இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றுகிறது என்று மேலே சொன்னோம்.

வயிற்றுவலி, வாந்தி, சோர்வு, நாடி மெதுவாவது ஆகியவை சில மணி நேரத்தில் தெரியலாம். வைத்தியசாலையில் இதயத் துடிப்பை இயந்திரத்தில் தொடர்ந்து பார்ப்போம், இரத்தப் பரிசோதனை செய்வோம். தேவையானால் டிஜொக்சின் நஞ்சுக்குப் பாவிக்கிற எதிர்மருந்தையே இதற்கும் கொடுக்கலாம்.

வீட்டில் அம்மம்மா, அப்பப்பா மட்டும் பிள்ளையோடு இருக்கிறார்களா? ஆங்கிலம் தடங்கலாக இருந்தால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணுக்கு அழைத்து, "தமிழ்" என்று சொல்லி, 13 11 26 எண்ணோடு இணைக்கச் சொல்லலாம். இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

எங்கே வைக்கலாம், எங்கே கூடாது?

இந்தக் கேள்வி நம் சபை வளவிலும் வந்தது. சென்ற சிரமதானத்தில் வேலியோரத்து அலரிகளை என்ன செய்வது என்று பேச்சு எழுந்தது. "நாங்கள் அலரி வேலிக்குள்ளேதான் வளர்ந்தோம் தம்பி, எங்களுக்கு என்ன நடந்தது?" என்றார் ஒரு அம்மா. அதற்கு ஒரு இளம் தகப்பன் மரியாதையோடு சொன்னார்: "உண்மை அன்ரி. ஆனால் அங்கே ஒரு பிள்ளையைப் பார்க்கப் பத்துப் பேர் இருந்தார்கள். இங்கே ஞாயிறு பாடசாலையில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர்தான் நிற்கிறார்."

இருவரும் சொன்னது சரி. அந்த அம்மாவின் காலத்தில் "அதைத் தொடாதே, கை கழுவு" என்று சொல்வதற்கு முற்றத்தில் யாராவது எப்போதும் இருந்தார்கள். செடியோடு சேர்ந்து அந்த அறிவும் வேலியில் நின்றது. நாம் இங்கே வந்தபோது செடி மட்டும் மிஞ்சியது. பிள்ளைகளுக்கு அதன் பெயரே தெரியாது.

எங்கள் கருத்து இதுதான். அலரியை வைப்பதா எடுப்பதா என்பதைப் பயமும் ஆசையும் தீர்மானிக்கக் கூடாது. அந்த இடத்தில் யார் நடமாடுகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். எதையும் வாயில் வைக்கிற வயதில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தனியாக எட்டக்கூடிய இடமென்றால் அலரி வேண்டாம். மறதி நோயுள்ள பெரியவர் உலாவுகிற முற்றமென்றாலும் வேண்டாம். ஆடோ குதிரையோ தலையை நீட்டுகிற வேலியென்றாலும் வேண்டாம். மற்ற இடங்களில், தெருவோரத்திலோ பின்வேலியிலோ, பெயர் தெரிந்த பெரியவர் ஒருவர் பொறுப்பாக வெட்டிப் பராமரிப்பார் என்றால் தாராளமாக நிற்கட்டும்.

சபை வளவிலும் அப்படித்தான் முடிந்தது. விளையாட்டு இடத்தை ஒட்டிய மூன்று புதர்களைத் தோண்டி எடுத்தோம். தெருப்பக்கத்து வரிசை அப்படியே நிற்கிறது. தோண்டுவது இலேசான வேலையல்ல. முதலில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, பிறகு சுற்றிவர மண்ணைக் கிளறி, தடித்த வேர்களை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். மிஞ்சிய வேரில் இருந்து துளிர் வந்துகொண்டே இருக்கும். கண்டவுடன் பிடுங்கிவிட வேண்டும். அந்த இடத்தில் செவ்வரத்தை வைத்திருக்கிறோம். அதுவும் வருடம் முழுதும் பச்சையாக நின்று பூக்கிற செடி, பிள்ளைகள் பூவைப் பிய்த்து விளையாடினாலும் பயமில்லை.

வாடகை வீட்டுத் தாய்க்கு எங்கள் பதில்: சொந்தக்காரரிடமோ முகவரிடமோ எழுத்தில் கேளுங்கள். "தவழும் பிள்ளை இருக்கிறது, வேலியில் ஒலியாண்டர் இருக்கிறது, எடுக்கவோ மறைக்கவோ வேண்டும்" என்று படத்தோடு அனுப்புங்கள். பதில் வரும்வரை அந்தப் பக்கத்துக்குத் தற்காலிக வலைத் தடுப்புப் போடுங்கள். நீங்களாக வெட்டாதீர்கள். வெட்டிய இலைதான் பிள்ளையின் கைக்கு இன்னும் எளிதாக எட்டும்.

தடி கேட்ட சகோதரருக்கு: வாருங்கள், தெருப்பக்கத்து வெள்ளை அலரியில் இருந்து தருகிறோம். கையுறை கொண்டுவாருங்கள்.

வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் இருந்து சபை வரைக்கும் வழியில் எத்தனை அலரி நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். கூடவே தம்பி தங்கைகளுக்கு அந்த மூன்று இலை அடையாளத்தைக் காட்டி, "பார்க்கலாம், பறிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொடுங்கள். 13 11 26 எண்ணை இப்போதே தொலைபேசியில் சேமியுங்கள்.

அடுத்த இதழில் சாடியில் எலுமிச்சை வளர்ப்பது பற்றி. கேள்விகளை வழமைபோல் ஆராதனை முடிய வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள்.